வீட்டு விதிகளும் மகளின் கேள்வியும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எங்களுக்கு 13 வயதில் ஒரு மகளும் 8 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை என்று வீடு சிதறிப்போகிறதே என்ற கவலையில், எங்கள் குடும்பம் எவற்றைப் பெரிதாக மதிக்கிறது, எதை நோக்கிச் செல்கிறது என்பதை எழுதிவைக்க நானும் மனைவியும் முடிவுசெய்தோம். பல நாட்கள் பேசி ஏழு விழுமியங்களையும் மூன்று இலக்குகளையும் எழுதினோம். உண்மை பேசுவது, பெரியவர்களை மதிப்பது, குரலை உயர்த்தாமல் பேசுவது, கைபேசிக்கு நேர வரம்பு போன்றவை விழுமியங்கள். மகள் வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வருவது, மகன் நீச்சல் கற்றுத் தேர்வது, சொந்த வீடு வாங்குவது ஆகியவை இலக்குகள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அமர்ந்து அதைப் படித்தோம். மகன் உடனே கையெழுத்திட்டான். மகளோ, "அப்பா குரலை உயர்த்தினால் யாரிடம் போய்ச் சொல்வது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளை இதில் எப்படி ஈடுபடுத்துவது? இதை எந்த வயதில் தொடங்க வேண்டும்? ஏழு என்பது அதிகமா? சுவரில் மாட்டிவைத்தால் பயன் இருக்குமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குழந்தைகளைக் கலந்து பேசுகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது உண்மையில் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றிச் சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஏழா ஐந்தா, சுவரா குறிப்பேடா என்பதெல்லாம் உங்கள் வசதி. வயதைப் பொறுத்தவரை, "இப்போது என் முறை" என்று சொல்லத் தெரிந்த குழந்தையோடு இதைத் தொடங்கிவிடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தாளை உண்மையிலேயே படித்தவள் உங்கள் மகள் ஒருத்திதான். அவள் கேட்டதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அவளை எப்படி ஈடுபடுத்துவது என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவள் ஈடுபட்டதால்தானே கேட்டாள்? ஒரு சட்டத்தைப் படித்தவுடன் அதை மீறினால் என்ன வழி என்று கேட்பவரைவிட அதை மதிப்பவர் யார் இருக்க முடியும்? இதைப் படிக்கும்போது எனக்கு உங்கள் மீது கோபம் வந்தது. அன்பான தகப்பன் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிவதால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

உங்கள் பட்டியலை நீங்களே ஒருமுறை குழந்தையின் கண்ணால் படித்துப் பாருங்கள். பெரியவர்களை மதிக்க வேண்டும் என்று இருக்கிறது. சிறியவர்களை யார் மதிப்பது என்று இல்லை. கைபேசிக்கு நேர வரம்பு இருக்கிறது. அது யாருடைய கைபேசி என்பதை எழுதாமலே எல்லோருக்கும் தெரிகிறது. முதல் மூன்று இடங்களுக்குள் வருவது குடும்பத்தின் இலக்கு என்கிறீர்கள். ஆனால் அதற்காக உழைக்க வேண்டியவள் அவள் ஒருத்தி. தவறினால் தலைகுனிய வேண்டியவளும் அவள் ஒருத்தி. போதாததற்கு, தரவரிசை என்பது வகுப்பில் மற்ற பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. முழுவதும் தன் கையில் இல்லாத ஒன்றுக்காக ஒரு குழந்தையிடம் வாக்குறுதி வாங்கக் கூடாது. அந்த வரியை இன்றே அடித்துவிடுங்கள். சொந்த வீடு என்பது நல்ல இலக்குதான். அதற்காக நீங்கள் இருவரும் கூடுதலாக எத்தனை மணி நேரம் உழைக்கப்போகிறீர்கள், அந்த நேரம் எவரிடமிருந்து கழியப்போகிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னீர்களா?

குடும்பமாக அமர்ந்து பேசும் வழக்கத்தை ஒரு முறையாக வகுத்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லரின் வழிவந்த மருத்துவர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ். அவர் சொன்ன குடும்ப மன்றத்தில் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் சுற்றில் வரும். தகப்பன் மட்டுமே படித்துக் காட்டி மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆனால் உங்கள் மகளின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விடையைத் தந்தவர் யானுஷ் கோர்ச்சாக். போலந்தைச் சேர்ந்த இந்தக் குழந்தை மருத்துவர் 1912 முதல் வார்சாவில் யூதக் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லம் ஒன்றை நடத்தினார். 1942 ஆகஸ்டில் அக்குழந்தைகளைக் கைவிட மறுத்து அவர்களுடனேயே நாஜிகளின் ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்குச் சென்றார் என்பதைப் பலர் அறிவார்கள். நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது அதற்கு முன்னால் அவர் அந்த இல்லத்தில் அமைத்த நீதிமன்றத்தை. அதில் நீதிபதிகள் குழந்தைகள். யார் மீதும் யாரும் வழக்குத் தொடுக்கலாம். பணியாளர்கள் மீதும், கோர்ச்சாக் மீதும்கூட. அதன் சட்டத்தொகுப்பில் முதல் 99 பிரிவுகள் மன்னிப்பதற்கும் வழக்கைக் கைவிடுவதற்குமானவை. அரை ஆண்டுக் காலத்தில் அவர் தன்னைத்தானே ஐந்து முறை அந்த நீதிமன்றத்தின் முன் நிறுத்திக்கொண்டார். ஒரு சிறுவனைக் காதில் அறைந்ததற்காக ஒருமுறை, ஒரு சிறுமி திருடியிருப்பாள் என்று சந்தேகித்ததற்காக இன்னொருமுறை. புதிய வகை ஆசிரியனாகத் தான் உருவானதற்கு அந்தச் சில வழக்குகளே அடித்தளம் என்று அவர் பின்னர் எழுதினார்.

வீட்டில் நீதிமன்றம் அமைக்கச் சொல்லவில்லை. குழந்தை புகார் சொல்ல ஒரு வழி, அந்தப் புகாருக்காகப் பின்னர் பழிவாங்கப்பட மாட்டாள் என்ற உறுதி, புகார் உண்மையென்றால் பெரியவர் அதை எல்லோர் முன்னிலும் ஏற்றுக்கொள்ளும் பழக்கம், இவை இருக்க வேண்டும் என்கிறேன். இவை இல்லாத விழுமியப் பட்டியலில் நீங்கள் அறையை விட்டு வெளியே போனதும் உயிர் போய்விடும். 1939ஆம் ஆண்டு லெவின், லிப்பிட், வைட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 10 வயதுச் சிறுவர்களின் குழுக்களைப் பெரியவர்கள் வெவ்வேறு விதமாக வழிநடத்தினார்கள். எல்லாவற்றையும் தலைவரே தீர்மானித்த குழுவில், அவர் வெளியே சென்றதும் வேலை சரிந்தது. கலந்து முடிவெடுத்த குழுவிலோ சிறுவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் பிள்ளைகள் உண்மை பேச வேண்டும் என்பதுதானே உங்கள் விருப்பம்?

பிள்ளைகள் சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொண்டால் வீடு என்ன ஆகும் என்று நீங்கள் அஞ்சலாம். 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்கிறது. குழந்தை சொன்னபடியே நடக்க வேண்டும் என்று அது கூறவில்லை. இந்த வேறுபாட்டை நான் புரிந்துகொண்டது என் அம்மாவிடமிருந்து. எனக்கு 11 வயதாக இருந்தபோது அவருடைய வேலை காரணமாக வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. எங்களைக் கேட்டார், நான் வேண்டாம் என்றேன். ஆனாலும் போவதென்றுதான் முடிவானது. அன்றிரவு அம்மா என் அருகில் உட்கார்ந்து, நான் சொன்ன மூன்று காரணங்களையும் என் சொற்களிலேயே திருப்பிச் சொன்னார். விடுமுறைதோறும் பாட்டியிடம் அழைத்து வருவதாகச் சொன்னார், அப்படியே செய்தார். புதிய ஊரிலும் ஓவியம் கற்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். என் தோழியைப் பற்றி மட்டும், "இதை என்னால் ஈடுசெய்ய முடியாது" என்றார். நான் அழுதேன். ஆனால் என்னைக் கேட்டது வெறும் ஒப்புக்கு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

உங்கள் மகனைப் பற்றியும் ஒரு சொல். 8 வயதுக் குழந்தை உடனே கையெழுத்திடுவது உங்களை மகிழ்விக்கத்தான். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தாளில் எந்த வரி உனக்குப் பிடிக்கவில்லை என்று அவனைக் கேளுங்கள். முதலில் ஒன்றுமில்லை என்பான். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

பிறகு மகளிடம் செல்லுங்கள். அவள் கேட்டது சரியான கேள்வி என்று மகனும் மனைவியும் கேட்கும்படி சொல்லுங்கள். அப்பா குரலை உயர்த்தினால் என்ன செய்வது என்பதை அவளையே எழுதச் சொல்லுங்கள். அவள் கடுமையாக எழுதினாலும் திருத்தாதீர்கள். நாள் கடத்தினாலும் நினைவூட்டிக்கொண்டே இருக்காதீர்கள். உங்கள் இருவருக்குமான வரிகளையும் பிள்ளைகளே சேர்க்கட்டும். மூன்று மாதம் கழித்து நால்வரும் அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அதற்குள் உங்கள் மீது ஒரு புகார்கூட வந்திருக்கவில்லை என்றால் அதில் நிறைவு கொள்ள வேண்டாம். சொல்ல அவளைத் தடுத்தது எது என்று மகளிடம் தனியே, பொறுமையாகக் கேளுங்கள்.