இரண்டே ஆண்டில் நூறு குதிரைகள் எங்கே போயின? பழைய மசில் கார் இன்ஜின்: கேள்வி-பதில்

மசில் கார் என்றால் 1960, 70களில் பெரிய வி8 இன்ஜினோடு வந்த அமெரிக்க வேகக் கார்கள். இம்முறை வந்த கேள்விகளில் பாதி, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பற்றியவை. அதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

கேள்வி: 1970 செவ்ரோலே கமாரோ வைத்திருக்கிறேன். 350 கன அங்குல வி8, இரண்டு தொண்டை கார்புரேட்டர். 850 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 850 கன அடி காற்று) கார்புரேட்டர் மாட்டினால் வண்டி பறக்கும் என்கிறார் நண்பர். உண்மையா?

நண்பர் நல்லவர்தான், கணக்குதான் போட்டுப் பார்க்கவில்லை. இன்ஜினின் கன அங்குலத்தை அதன் உச்ச சுழற்சி வேகத்தால் பெருக்கி, 3456ஆல் வகுங்கள். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை அது இழுக்கும் என்று தெரிந்துவிடும். 350ஐ 6000ஆல் பெருக்கி வகுத்தால் ஏறக்குறைய 608. அதுவும் ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுதாக நிரம்பினால்தான். தெருவில் ஓடும் இன்ஜின் 85 விழுக்காடு நிரம்பினாலே பெரிது. அப்போது தேவை 516தான். அதாவது 600 சிஎஃப்எம் தாராளம். 850ஐ மாட்டினால் வெஞ்சுரி என்ற குறுகிய கழுத்து வழியே காற்று சோம்பலாக நகரும், பெட்ரோலைச் சரியாக உறிஞ்சாது, சிக்னலில் கிளம்பும்போது வண்டி இருமும்.

600 சிஎஃப்எம் நான்கு தொண்டை கார்புரேட்டர், அதற்கேற்ற இரட்டைத் தள இன்டேக் மேனிஃபோல்டு, நல்ல எக்ஸாஸ்ட் ஹெடர். முதல் கட்டத்துக்கு இவை போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் இன்ஜினுக்கு அன்று சொல்லப்பட்டது 250 குதிரைத்திறன். அதே ஆண்டின் வேகக் கமாரோவான இசட்28க்கு, அதே 350 கன அங்குலத்தில், 360. அந்த வித்தியாசம் கார்புரேட்டரால் மட்டும் வரவில்லை. சிலிண்டர் ஹெட், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், 11:1 அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) எல்லாம் சேர்ந்து கொடுத்தது அது.

கேள்வி: அந்த இசட்28 இன்ஜினுக்கே 1970இல் 360, 1972இல் 255 என்று போட்டிருக்கிறார்கள். இரண்டே ஆண்டில் நூறு குதிரைகள் எங்கே ஓடிப்போயின?

சில நிஜமாகவே போயின. 1971இல் ஆக்டேன் குறைந்த, அதாவது அதிகம் அமுக்கினால் தானாகவே பற்றிக்கொள்ளும் பெட்ரோலுக்காக அமுக்க விகிதத்தை 9:1ஆக இறக்கினார்கள். குதிரைத்திறன் 330 ஆயிற்று. மற்றவற்றில் பெரும்பகுதி காகிதத்தில் மட்டுமே இருந்தது. அதுவரை இன்ஜினைத் தனியே மேடையில் ஏற்றி, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்த எண்ணையே விளம்பரத்தில் போட்டு வந்தார்கள். 1972 முதல் எல்லாம் பூட்டிய நிலையில் அளந்த எண் வந்தது. 1971 இன்ஜினுக்கு இரண்டு கணக்கும் கிடைக்கிறது: பழைய முறையில் 330, புதிய முறையில் 275. அந்த 55 குதிரைகள் ஒருநாளும் சாலைக்கு வந்ததே இல்லை.

ஆகவே 1972 வண்டி என்று முகம் சுளிக்க வேண்டாம். எரி அறை சிறிதான ஹெட்டை மாட்டி அமுக்கத்தை உயர்த்தலாம். அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 91, 93 ஆக்டேன் பெட்ரோலுக்கு, வார்ப்பிரும்பு ஹெட் என்றால் 9.5ஐ ஒட்டி நிறுத்துங்கள். அலுமினியம் என்றால் 10ஐக் கொஞ்சம் தாண்டலாம்.

கேள்வி: என் செவ்ரோலே செவெல்லில் இருப்பது தொழிற்சாலையில் பூட்டிய அதே 350. அதையே பிரித்துச் சக்தி கூட்டலாமா?

வேண்டாம். செவ்ரோலேயின் இந்தச் சிறிய வி8இல் அடையாள எண் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கின் முன்புறம், பயணி பக்கத்தில், ஹெட் உட்காரும் அதே தளத்தில். லேத்துப் பட்டறையில் அந்தத் தளத்தைச் சீவினால் எண்ணும் சேர்ந்து போய்விடும், வண்டியின் மதிப்பும் கூடவே போகும். இன்ஜினை இறக்கி, எண்ணெய் பூசி, மூடி வையுங்கள். வித்தையெல்லாம் வேறு பிளாக்கில் காட்டலாம்.

கேள்வி: அந்த வேறு பிளாக் 383 ஸ்ட்ரோக்கரா, எல்எஸ்ஸா?

383 என்பது 350 பிளாக்கின் சிலிண்டர்களை 0.030 அங்குலம் குடைந்து, செவ்ரோலேயின் 400 கன அங்குல இன்ஜினின் 3.75 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கிராங்கைப் போடுவது. பழைய 400 கிராங்க் என்றால் அது பிளாக்கில் உட்காரும் பகுதியான மெயின் ஜர்னலைக் கடைந்து சிறிதாக்க வேண்டும். இன்று 350க்கு அளவாகவே புதிய கிராங்க் விற்கிறார்கள். கனெக்டிங் ராடு போல்ட் உரசாமல் பிளாக்கின் அடிவிளிம்பை ராவ மறந்துவிடாதீர்கள். மற்றபடி பழைய மவுண்ட், பழைய கியர்பாக்ஸ் எல்லாம் அப்படியே பொருந்தும்.

எல்எஸ் என்பது செவ்ரோலேயின் பிந்தைய தலைமுறை வி8. 1997 கார்வெட்டில் வந்த எல்எஸ்1 அலுமினிய பிளாக், 345 குதிரைத்திறன். எடை குறைவு, அதிகாலைக் குளிரிலும் ஒரே திருகில் கிளம்பும். ஆனால் இன்ஜின் மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்பவர்கள் மவுண்ட், ஆயில் சம்ப், உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், வயரிங், கணினி என்று பட்டியல் நீளும்போது பேச்சிழந்து போவார்கள். தினமும் ஓட்டுவதானால் எல்எஸ். பானெட்டைத் திறந்து ரசிக்க வேண்டுமானால் 383. என் கை 383 பக்கம்தான் போகும்.

கேள்வி: பெரிய கேம் போட்டபின் பிரேக் கல்லாக இருக்கிறது. ஏன்?

வால்வுகள் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடியதால் மேனிஃபோல்டில் வெற்றிடம் குறைந்துவிட்டது. பிரேக் பூஸ்டர் அதை நம்பித்தான் வேலை செய்கிறது. மின்சார வெற்றிட பம்ப் பூட்டுங்கள், அல்லது அடக்கமான கேமுக்குத் திரும்புங்கள்.

கேள்வி: புதிய கேம் ஒரே வாரத்தில் தேய்ந்துவிட்டது. பொருள் போலியா?

இருக்கலாம். ஆனால் முதலில் ஆயிலைப் பாருங்கள். தட்டை டாப்பெட் (கேமின் மேல் உரசி வால்வை இயக்கும் துண்டு) கேமுக்குத் துத்தநாகச் சேர்மானம் உள்ள ஆயில் வேண்டும். இன்றைய சாதாரண ஆயிலில் அது குறைவு. முதல் முறை கிளப்பியதும் ஐட்லிங்கில் விடாமல், 2000 சுழற்சிக்கு மேல் ஏற்றியிறக்கி இருபது முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும். நானும் ஒருமுறை பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவாயிற்றே என்று ஐந்தாவது நிமிடத்தில் அணைத்து, ஒரு கேமையும் பதினாறு டாப்பெட்டுகளையும் பலி கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: 1966 மஸ்டாங், 289 வி8, நான்கு சக்கரமும் டிரம் பிரேக். 300 குதிரைத்திறன் வேண்டும். எங்கே தொடங்குவது?

முன் டிஸ்க் பிரேக்கில். அந்த ஆண்டு வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றுதான், ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் டிஸ்க்கும் மாட்டியபின் எழுதுங்கள், ஹெட்டைப் பற்றிப் பேசுவோம்.