ஆன் ஹாதவே வீடும் மரச்சட்டக வீடுகளும்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்டை ஒட்டிய ஷாட்டரி கிராமத்தில் ஓக் மரச்சட்டமும் வைக்கோல் கூரையுமாக ஒரு பழைய பண்ணை வீடு இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாதவே வளர்ந்த வீடு அது. அதைப் பற்றியும் அந்த வகை வீடுகளைப் பற்றியும் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கே: அக்கா, வீடு கட்டியது 1463 என்று ஒருவர் சொல்கிறார், 17ஆம் நூற்றாண்டு என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

இரண்டுமே சரிதான். மிகப் பழைய பகுதி 1463ஐ ஒட்டியது. ஹாதவே குடும்பம் அங்கே முதலில் குத்தகைக்குத்தான் இருந்தது. 1610இல் ஆனின் சகோதரர் பார்த்தலமியூ வீட்டை விலைக்கு வாங்கினார். வீடு நீண்டது அதன் பிறகு. ஷேக்ஸ்பியர் ஆனை மணந்தது 1582இல் என்பதால், அவர் பார்த்த வீடு இன்று நாம் பார்ப்பதைவிடச் சிறியது.

கே: நம் ஊர் ஆசாரிகள் மரத்தைக் காயவைத்துத்தானே தூணும் உத்தரமும் செய்வார்கள்? அங்கே பச்சை மரத்திலேயே கட்டினார்களாமே?

ஆமாம், அந்த வேலையின் சூட்சுமமே அதுதான். நன்றாகக் காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது கடினம். அதனால் வெட்டிய மரத்தைப் பச்சையாகவே செதுக்கினார்கள். ஒரு கட்டையில் துளை, மற்றதில் நாக்கு. இரண்டையும் கோத்து ஓக் முளை அடிப்பார்கள். நாக்கில் போடும் முளைத்துளையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதால், முளை இறங்கும்போதே இணைப்பு இழுபட்டு இறுகும். பிறகு மரம் காயக் காயச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அந்த வீடுகளின் கோணல் பெரும்பாலும் அப்படி வந்ததுதான். கோணலைப் பார்த்தவுடன் வீடு விழப்போகிறது என்று பயப்பட வேண்டாம்.

சட்டம் முழுவதையும் முதலில் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ரோமன் எண் போன்ற கீறல் போட்டுப் பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் நிமிர்த்துவார்கள். அந்தக் கீறல்களைப் பல வீடுகளில் இன்றும் பார்க்கலாம். கட்டிய தச்சர் யார் என்று பெரும்பாலும் தெரியாது. அவர் கைவேலை மட்டும் கண்ணெதிரே இருக்கும். எனக்கு இந்த வீடுகளில் ஆகப் பிடித்தது அதுதான்.

கே: பழைய கப்பல் மரத்தில் கட்டியவை என்கிறார்களே?

பெரும்பாலும் கட்டுக்கதை. எதுவும் பொருந்தாத வெற்றுத் துளைகளைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள். இடித்த பழைய வீட்டின் மரத்தைத் திரும்பப் பயன்படுத்தினாலும் அப்படித் துளைகள் மிஞ்சும். கடலுக்கு வெகு தொலைவில் உள்ள ஊர்களிலும் இதே கதையைச் சொல்வார்கள்!

கே: கறுப்பு மரம், வெள்ளைச் சுவர்... அதுதானே அசல் தோற்றம்?

பல இடங்களில் அது 19ஆம் நூற்றாண்டின் ரசனை. அதற்கு முன் மரத்தை அப்படியே சாம்பல் பூக்க விட்டுவிடுவதோ, மரத்துக்கும் சுவருக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடிப்பதோ வழக்கம்.

கே: அந்த வகை வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். சுவர் ஓதம் காக்கிறது. சிமென்ட் பூசச் சொல்லலாமா, மேடம்?

தயவுசெய்து வேண்டாம். சட்டங்களுக்கு நடுவே இருப்பது செங்கலாக இல்லாவிட்டால், அது ஹேசல் என்ற புதர்மரத்தின் குச்சிகளைப் பின்னிய படலாக இருக்கும். அதன்மேல் களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல் குழைத்த சாந்து, மேலே சுண்ணாம்பு. மழையில் நனையும், காற்றில் காயும். சிமென்ட் பூசினால் விரிசல் வழியே உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லை. அடியில் கிடக்கும் கட்டைதான் முதலில் உளுத்துப்போகும். ஐந்நூறு ஆண்டு நின்ற சட்டத்தைச் சில பத்தாண்டுகளில் அழிக்க இந்த ஒரு பூச்சு போதும். முதலில் கூரை ஒழுகுகிறதா, வெளியே மண் ஏறி அடிக்கட்டையை மூடியிருக்கிறதா என்று வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சு தேவையென்றால் சுண்ணாம்புச் சாந்து மட்டும்.

கே: வைக்கோல் கூரை தீப்பிடிக்காதா?

பிடிக்கும். ஷாட்டரி வீடே 1969இல் தீயில் பெரிதும் சேதமானது. 1892இல் அதை வாங்கிய ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளைதான் சீர்செய்தது.

கே: அடுத்த மாதம் போகிறோம். எதைத் தவறவிடக் கூடாது?

மாடிக்குப் போய், வளைந்த ஓக் மரங்கள் சாய்ந்து மேலே கூடும் இடத்தைப் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டுப் பகுதி அது. நேரம் இருந்தால் தெற்கே சசெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் பாதிரியார் வீட்டுக்கும் போங்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1896இல் பத்துப் பவுண்டுக்கு வாங்கிய, அதன் முதல் கட்டடம். அங்கே தரையைப் பார்க்க மறக்காதீர்கள்: சுண்ணக்கல்லை இடித்துக் கெட்டிப்படுத்தி, புளித்த பால் ஊற்றி மெழுகியது.