கண் திறக்காத சிரிப்பு

கேள்வி: ஜப்பானியப் படக்கதையான மாங்காவில் கண்ணை இடுக்கிச் சிரித்துக்கொண்டே இருப்பவன் கடைசியில் வில்லனாகிவிடுகிறானே, ஏன்?

பதில்: எல்லோரும் ஆவதில்லை, ஆனால் நிறையப் பேர் ஆகிறார்கள். இந்தக் கண்ணை ஜப்பானியர்கள் 'நூல் கண்' என்பார்கள். மாங்காவில் ஒருவர் மனத்தைக் கண்ணில்தான் படிக்கிறோம். அதை வெறும் கோடாக்கிவிட்டால் சிரிப்பு மட்டும்தான் மிஞ்சும். அதை நம்பவும் முடியாது. அப்புறம் ஒரு கட்டத்தில் அந்தக் கண் திறக்கும் பாருங்கள், எனக்கு உடம்பே சிலிர்த்துவிடும்!

எனக்குப் பிடித்தவன், 2001இல் தொடங்கிய 'பிளீச்' தொடரின் கின் இச்சிமாரு. நரி முகம், கன்சாய் வட்டாரப் பேச்சு. துரோகி என்றே வெறுத்திருந்தேன். சிறுவயதுத் தோழி ரங்கிகுவுக்காகத்தான் பெரிய வில்லன் ஐசனோடு அத்தனை காலம் இருந்தான் என்று தெரிந்ததும், பழைய பாகங்களை எடுத்து அவன் வரும் இடங்களை மட்டும் மறுபடி படித்தேன்.