லிஃப்ட் எத்தனை இன்ச் என்று கேட்பதற்கு முன் டயரை முடிவு செய்யுங்கள்

பிக்கப் டிரக்கில் பெரிய டயர் போட விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும். லிஃப்ட் என்றால் சக்கரத்துக்கு மேலே வண்டியை உயர்த்தி வைக்கும் மாற்றம். பெரும்பாலானவை அமெரிக்காவில் வண்டி ஓட்டும் நம்மவர்களிடமிருந்து வந்தவை. ஊரிலிருந்தும் ஒன்று வந்தது.

கேள்வி (டாலஸ்): அண்ணா, ஃபோர்டு எஃப்-150 ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கிறேன். டயர் 275/65 ஆர்18. 35 இன்ச் டயர் போட ஆசை. 4 இன்ச் லிஃப்ட் போதுமா, 6 இன்ச் வேண்டுமா?

முதலில் இப்போது இருக்கும் டயரின் உயரத்தைக் கணக்குப் போடுங்கள். 275 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் பக்கச்சுவர். அதாவது சுமார் 179. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், 357.5. அதோடு 18 இன்ச் ரிம், 457. மொத்தம் 815 மில்லிமீட்டர், அதாவது 32 இன்ச். ஆக, நீங்கள் கேட்கும் டயர் வெறும் 3 இன்ச்தான் பெரியது. ஆக்ஸிலுக்கு அடியில் கிடைக்கும் கூடுதல் இடைவெளி அதில் பாதி, ஒன்றரை இன்ச். 6 இன்ச் லிஃப்ட் போட்டாலும் பின் ஆக்ஸில் ஒரு நூல்கூட மேலே வராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். லிஃப்ட் செய்வது டயருக்கு மேலே உள்ள இடத்தைப் பெரிதாக்கும் வேலை.

35 கட்டாயம் வேண்டும் என்றால் 4 இன்ச் கிட் போதும். 6 இன்ச் பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும், ஆனால் அதற்காக நீங்கள் ஓட்டும் சுகத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் 275/70 ஆர்18 போடுங்கள். அது 33 இன்ச். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இந்த வண்டியின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருக்கும். முன்னால் 2 இன்ச் லெவலிங் கிட் போட்டால் வண்டி நேராக நிற்கும், டயரும் தாராளமாக உட்காரும்.

கேள்வி (ஹூஸ்டன்): ஸ்பேசர் மலிவாகக் கிடைக்கிறது. முழு சஸ்பென்ஷன் கிட் பல மடங்கு விலை. ஸ்பேசர் போட்டால் என்ன ஆகும்?

அளவோடு போட்டால் ஒன்றும் ஆகாது. ஸ்பேசர் என்பது இடையில் செருகும் தடித்த வளையம். ஸ்ட்ரட்டின் (முன் சக்கரத்தின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டு) தலையில் 1 இன்ச் ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 2 இன்ச் உயரும். சஸ்பென்ஷன் கை நெம்புகோல் மாதிரி வேலை செய்வதால்தான் இப்படி. கை கீழ்நோக்கிச் சாயும்போது பால் ஜாயின்ட்டும் (கையைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) சிவி ஆக்ஸிலும் (முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) கூடுதல் கோணத்தில் ஓட வேண்டியிருக்கும். பள்ளத்தில் சக்கரம் முழுக்கக் கீழே இறங்கும்போது அந்தக் கோணம் இன்னும் கூடும்.

என் முதல் டிரக்கில் முன்னால் ஸ்பேசர் வைத்தே 3 இன்ச்சுக்கு மேல் ஏற்றினேன். போட்டுக் கொடுத்த கடையில் யாரும் எச்சரிக்கவில்லை. ஒரு வருடம் முடிவதற்குள் சிவி ஆக்ஸிலின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் முழுக்க ரிம்மில் தெறித்திருந்தது. அப்புறம் வளைவில் திரும்பும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம். மாற்றிய செலவில் ஒரு நல்ல கிட்டே வாங்கியிருக்கலாம். அதனால் சொல்கிறேன், ஸ்பேசர் என்றால் 2 இன்ச், மிஞ்சினால் இரண்டரை. அதற்கு மேல் போனால் மேல் கன்ட்ரோல் ஆர்மையும் (சஸ்பென்ஷனின் மேல் கை) மாற்ற வேண்டும். 4 இன்ச்சும் அதற்கு மேலும் என்றால் டிஃபரன்ஷியலையே (இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) கீழே இறக்கி வைக்கும் பிராக்கெட் உள்ள முழு கிட்தான்.

கேள்வி (டென்வர்): 2019 டொயோட்டா டகோமா. 3 இன்ச் லிஃப்ட் போட்டு 285/70 ஆர்17 டயர் மாட்டினேன். அப்படியும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் உரசுகிறது. இன்னும் 1 இன்ச் உயர்த்தட்டுமா?

வேண்டாம், தயவுசெய்து உயர்த்தாதீர்கள். லிஃப்ட் வண்டியை மேலே தூக்குகிறது, ஆனால் சக்கரம் திரும்பும்போது முன்னும் பின்னும் அதற்குத் தேவையான இடத்தை அது கொடுப்பதில்லை. டகோமாவில் உரசும் இடம் பெரும்பாலும் டயருக்குப் பின்னால், கேபினை சட்டத்தோடு பிணைக்கும் மவுன்ட்தான். நீங்கள் 5 இன்ச் உயர்த்தினாலும் அந்த மவுன்ட் அங்கேயேதான் இருக்கும். போதாததற்கு, பெரிய கல்லில் ஏறி சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினால் போட்ட லிஃப்ட் இல்லாத மாதிரிதான்.

முதலில் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடியுங்கள். மட்கார்டின் உட்புறத்திலும் மவுன்ட்டிலும் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டு, ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, மெதுவாக இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள். சுண்ணம் டயரில் ஒட்டிய இடம்தான் குற்றவாளி. பிளாஸ்டிக் லைனர் என்றால் ஹீட் கன் வைத்துச் சூடாக்கிப் பின்னுக்குத் தள்ளலாம். மவுன்ட் என்றால் காஸ்டரை (ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கூட்டச் சொல்லி அலைன்மென்ட் செய்யுங்கள். சக்கரம் கொஞ்சம் முன்னால் நகரும். அதற்கு வசதியுள்ள மேல் கன்ட்ரோல் ஆர்ம் இந்த வண்டிக்கு நல்ல முதலீடு. அதற்கும் அடங்கவில்லை என்றால் மவுன்ட்டின் மூலையை வெட்டித் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

ரிம்மும் மாற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரிஜினலைவிட வெளியே தள்ளி நிற்கும் ரிம் போட்டிருந்தால், திரும்பும்போது டயர் பெரிய வட்டம் போடும். பாதி உரசலுக்குக் காரணம் அதுதான். பழைய ரிம்மின் ஆஃப்செட்டுக்கு (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்ற அளவு) பக்கத்திலேயே இருங்கள்.

கேள்வி: பாடி லிஃப்ட் பற்றி?

சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்துப் பாடியை மட்டும் உயர்த்துவதுதான் பாடி லிஃப்ட். 1 இன்ச் வரை சரி. சஸ்பென்ஷனைத் தொடாது, ஆக்ஸில் கோணமும் மாறாது. 3 இன்ச் போனால் பம்பருக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி, ஸ்டீயரிங் தண்டுக்கு நீட்டிப்பு, ரேடியேட்டர் ஃபேன் மூடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலை வரும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): பின்பக்கம் இரும்பு பிளாக் வைத்து உயர்த்தலாமா? அடிக்கடி டிரெய்லர் இழுப்பேன்.

பின்னால் ஆக்ஸிலுக்கும் கமான்பட்டைக்கும் நடுவே ஒரே ஒரு பிளாக், அதோடு இரண்டையும் கட்டிப் பிடிக்கும் புது யூ-போல்ட் என்றால் சரி. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கவே கூடாது. டிரெய்லர் இழுக்கிறீர்கள் என்பதால் கமான்பட்டையோடு இன்னொரு பட்டை சேர்ப்பதுதான் நல்லது. பாரம் தாங்கும், ஆக்ஸில் முறுக்குவதும் குறையும். சில நூறு மைல் ஓடியபின் யூ-போல்ட்டை மறுபடி முடுக்குங்கள்.

கியரையும் யோசியுங்கள். 32 இன்ச் டயரிலிருந்து 35-க்குப் போனால், ஆக்ஸிலின் கியர் விகிதம் 3.55 என்றால் அது 3.25 மாதிரி நடந்துகொள்ளும். ஏற்றத்தில் டிரெய்லரோடு திணறும். வேகமானியைத் திருத்தாவிட்டால் 60 மைல் காட்டும்போது உண்மையில் 65-ஐத் தாண்டியிருப்பீர்கள். கனமான டயரை நிறுத்த பிரேக்குக்கும் கூடுதல் தூரம் வேண்டும்.

கேள்வி: வாரன்டி போய்விடுமா?

அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, லிஃப்ட் போட்டதைக் காட்டி மட்டும் மொத்த வாரன்டியையும் மறுக்க முடியாது. அந்தக் கோளாறுக்கு லிஃப்ட்தான் காரணம் என்றால் மறுக்கலாம். சிவி ஆக்ஸில் போனால் வாதாட வாய்ப்பில்லை. ரேடியோ கெட்டால் தைரியமாகக் கேளுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): இசுசு வி-கிராஸ் வைத்திருக்கிறேன் சார். டயர் 255/60 ஆர்18. எஸ்டேட் பாதையில் ஓட்டுவேன். 2 இன்ச் லிஃப்ட் போடலாமா?

நம்ம ஊரில் கணக்கு வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும். அதே அளவில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போடுங்கள். எஸ்டேட் சேற்றில் உங்களுக்கு உயரத்தைவிடப் பிடிப்புதான் தேவை.

கேள்வி (ஆஸ்டின்): தம்பி, 17 வயது மகன் தன் டிரக்குக்கு 6 இன்ச் லிஃப்ட் கேட்கிறான். லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. என்ன சொல்வது?

இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா. வண்டி உயர உயரக் கவிழும் அபாயம் கூடும். திடீரென்று ஒடித்துத் தப்பிக்க வேண்டிய நேரத்தில் அனுபவமில்லாத கைக்கு அது தாங்காது. ஹெட்லைட்டும் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். முன்கண்ணாடியில் உள்ள பாதுகாப்பு கேமராவையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். மாநிலத்துக்கு மாநிலம் உயர வரம்பும் வேறு.

ஆனால் அவன் ஆசையை அணைத்துவிடாதீர்கள். இப்போதுள்ள டயரின் பக்கச்சுவரில் இருக்கும் எண்களை எழுதிக்கொண்டு, ஸ்டெப்னி எந்த அளவு என்றும் பார்த்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு சுற்று பெரிய டயர் லிஃப்ட் இல்லாமல் அதில் உட்காருமா என்று அவனோடு சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.