தேன்குழலுக்கு "எண்ணெய் குடித்திருக்கிறது, சிவந்துவிட்டது, நமுத்திருக்கிறது" என்று காரைக்குடி பலகாரப் போட்டி நடுவர்கள் எழுதியிருக்கிறார்கள். அடுத்த முறை எதைத் திருத்துவது?

நடுவர் வாயில் போடும்போது தேன்குழல் சுட்டு நாலைந்து மணி நேரமாவது ஆகியிருக்கும். அதனால் குறை மாவில் வந்ததா, எண்ணெயில் வந்ததா, டப்பாவில் வந்ததா என்று பிரித்துப் பார்த்தால்தான் நடுவர்கள் எழுதிக் கொடுத்த அந்தத் தாளால் பிரயோசனம்.

நமுத்தது பெரும்பாலும் டப்பாவில்தான். கொஞ்சம் சூடு இருக்கும்போதே மூடினால் ஆவி உள்ளேயே நின்று மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். தாளில் பரப்பி, நன்றாக ஆறவிட்டு அடுக்குங்கள். வீட்டில் ஆறியபோதே மெத்தென்று இருந்தால் வேகவில்லை என்று அர்த்தம். ஒரு இழையை ஒடித்துப் பாருங்கள்: நடுவில் மாவுக்கோடு தெரிந்தால் எண்ணெயின் சத்தம் அடங்குவதற்குள் எடுத்திருக்கிறீர்கள்.

சிவப்புக்குக் காரணம் கண்டுபிடிக்க ஈடு ஈடாக (ஒரு தடவை சட்டியில் பிழிந்து எடுப்பது ஒரு ஈடு) தனியாக வையுங்கள். முதல் ஈடே சிவந்தால் உளுந்தைக் கூட வறுத்திருப்பீர்கள், அல்லது தீ அதிகம். கடைசி ஈடுகள் மட்டும் சிவந்தால் எண்ணெய் கெட்டிருக்கும், இல்லையென்றால் பிசைந்த மாவு வெகுநேரம் கிடந்திருக்கும். உளுந்தை வறுக்கும்போது வாசம் வந்ததும், நிறம் மாறுவதற்குள் இறக்குங்கள். நம் பக்கம் தேன்குழல் வெள்ளையாக இருந்தால்தான் மதிப்பு. இந்த ஒன்றில் நடுவர்கள் விட்டுக்கொடுக்கமாட்டார்கள், அது நியாயம்தான்.

எண்ணெய் குடிப்பதுதான் சிக்கலான குறை, ஏனென்றால் வழிகள் பல. பச்சரிசி மாவு நாலுக்கு உளுத்தம் மாவு ஒன்று என்பது பழகிய அளவு. உளுந்து அதைத் தாண்டினால் எண்ணெய் ஏறும், நிறமும் ஏறும். 500 கிராம் மாவுக்கு வெண்ணெய் 40 கிராம் போதும். பிழிந்த இழை எண்ணெயில் பிரிந்து உதிர்ந்தால் வெண்ணெய் கூடிவிட்டது. இழை சீராக இருந்தும் கையில் எண்ணெய் ஒட்டினால் மாவு தளர்ந்துவிட்டது அல்லது எண்ணெய் காயவில்லை. கிள்ளிப் போட்ட மாவு உடனே மேலே வரவேண்டும், ஆனால் சிவக்கக்கூடாது; தெர்மாமீட்டர் இருந்தால் 170 முதல் 180 டிகிரி. சட்டியில் நெருக்கிப் பிழிந்தாலும் சூடு இறங்கிவிடும்.

மொத்த மாவையும் ஒரேயடியாகப் பிசையாதீர்கள். இரண்டு மூன்று ஈட்டுக்கு மட்டும் பிசைந்து ஈரத்துணியால் மூடுங்கள். உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றினால் கடித்த இடத்தில் கரிக்காது.

"உப்புக் குறைவு" என்று ஒரு நடுவர் மட்டும் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு பேர் எழுதியிருந்தால் அரை டீஸ்பூன் கூட்டிப் பாருங்கள். அடுத்த முறை சுடும்போது ஒரே ஒரு மாற்றம்தான். விகிதம், வெண்ணெய், தீ மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. போட்டிக்கு அனுப்பும் அதே ஈட்டிலிருந்து நாலு தேன்குழலை அதே மாதிரி டப்பாவில் வீட்டிலும் வைத்து, நடுவர்கள் சாப்பிடும் நேரத்துக்கே நீங்களும் கடித்துப் பார்த்து எழுதிவையுங்கள். தாள் கைக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.