பிட்ஸில் எம்எஸ்சி எடுத்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிடுமா?

கரூரிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ, மாநிலப் பாடத்திட்டம். ராஜஸ்தான் பிலானியில் இருக்கிற பிட்ஸ் என்கிற தனியார் பல்கலையின் நுழைவுத்தேர்வான பிட்சாட்டின் முதல் அமர்வில் 390-க்கு 262 எடுத்திருக்கிறாள். அண்ணா பல்கலைக் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 195-க்குக் குறையாது என்று வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். "பிலானியில் எம்எஸ்சி கணிதம் எடுத்துக்கொண்டால், ஒரு வருடம் கழித்து அதோடு பிஇ கம்ப்யூட்டர் சயின்ஸையும் சேர்த்துக்கொள்ளலாம், ஐந்து வருடத்தில் இரண்டு டிகிரி என்று கோச்சிங்கில் சொல்கிறார்கள். நம்பலாமா சார்? அங்கே அட்டெண்டன்ஸே கிடையாதாமே, அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு அது வேறு பயமாக இருக்கிறது. இவ்வளவு செலவு செய்யத் தகுமா?" என்று கேட்கிறார்.

கோச்சிங்கில் சொன்னது பொய்யில்லை சார், ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு டிகிரி உறுதி. இரண்டாவது டிகிரி எந்தப் பிரிவில் என்பது உறுதியில்லை. அதை முடிவு செய்வது பிட்சாட் இல்லை, முதல் வருட சிஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களின் கிரேடையும் சேர்த்து 10-க்கு வருகிற சராசரிப் புள்ளி.

எம்எஸ்சி கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், பொருளாதாரம் என்று சேருகிற பிள்ளைகளுக்கு முதல் வருடம் பிஇ மாணவர்களோடு ஏறக்குறைய ஒரே பாடங்கள்தான். வருடம் முடிந்ததும் அந்த இரண்டு செமஸ்டர் சிஜிபிஏ-வை வைத்து வரிசைப்படுத்தி, விருப்பத்தைக் கேட்டு, பிஇ பிரிவு ஒதுக்குவார்கள். அங்கே மாணவர் எண்ணே இந்தக் கதையைச் சொல்லும். கணித எம்எஸ்சி என்றால் சேர்ந்த புதிதில் எண்ணுக்கு நடுவே 'பி4பிஎஸ்' என்று இருக்கும். ஒதுக்கீடு முடிந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தவளுக்கு 'பி4ஏ7', சிவில் கிடைத்தவளுக்கு 'பி4ஏ2'. ஏ7-க்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள், அதனால் சிஜிபிஏ 9-ஐ ஒட்டி நிற்கவேண்டியிருக்கும், பல சமயம் அதற்கும் மேலே. 7-ஐ ஒட்டி வருகிறவர்களுக்கு சிவில், கெமிக்கல், மெக்கானிக்கல் மாதிரி ஏதாவது.

9 என்றவுடன் "என் பொண்ணு பள்ளிக்கூடத்தில் எப்பவும் 95-க்கு மேலேதான்" என்பீர்கள். கூட உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அப்படித்தான் வந்திருப்பார்கள் சார், சிக்கலே அதுதான். அங்கே மதிப்பெண்ணுக்கு நேராக கிரேடு கிடையாது, வகுப்பில் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கிரேடு. ஒரு கணிதத் தாளில் வகுப்புச் சராசரியே 45 என்றால், 45 எடுத்தவளுக்கு 'சி'யோ 'பி மைனஸோ' வரும். அதாவது 10-க்கு 6 அல்லது 7. அதே தாளில் 75 எடுத்தவளுக்கு 'ஏ', முழு 10. வேறொரு பாடத்தில் எல்லோரும் நன்றாக எழுதிவிட்டால் 80 எடுத்தும் 'பி'தான். (கடைசியில் 'ஈ' என்று ஒரு கிரேடு உண்டு, அதற்கு 2 புள்ளி. பாடத்தை எட்டிப் பார்த்திருக்கிறாள் என்கிற அளவுக்கு மரியாதை.)

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். முதல் வருடம் ஏறக்குறைய 40 யூனிட் (ஒவ்வொரு பாடத்தின் எடையைச் சொல்கிற எண்) என்று வைத்துக்கொள்வோம். 3 யூனிட் பாடம் ஒன்றில் 'ஏ'க்குப் பதில் 'பி மைனஸ்' வாங்கினால் 9 புள்ளி போகிறது, சிஜிபிஏ 0.2-க்கு மேல் இறங்கிவிடும். ஒரே ஒரு பாடத்தில் சறுக்கியதற்கு இது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் அடுத்த பிரிவுக்கும் இடைவெளி சில சமயம் அவ்வளவுகூட இருக்காது. அதனால்தான் டூயல், அதாவது இந்த இரட்டை டிகிரி, எடுத்தவர்களுக்கு முதல் வருடம் இன்னொரு நுழைவுத்தேர்வு மாதிரி, அதுவும் ஒரு நாளில் முடியாமல் பத்து மாதம் இழுக்கிற தேர்வு. 

அட்டெண்டன்ஸ் விஷயம் இதோடு ஒட்டியதுதான். 75 சதவீதம் வராவிட்டால் தேர்வு எழுத முடியாது என்கிற விதி பிட்ஸில் கிடையாது, அது உண்மை. நேர அட்டவணையைக்கூட அவளே போட்டுக்கொள்ளலாம், ஒரே பாடத்தை இரண்டு மூன்று ஆசிரியர்கள் எடுத்தால் யாருடைய வகுப்பு என்பதையும் இடம் இருக்கிறவரை அவளே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் லேப் இருக்கிறது, ட்யூட்டோரியலில் வைக்கிற சின்னச் சின்ன க்விஸ் இருக்கிறது, சிலது சொல்லாமலே வரும். போகாதவளுக்கு அந்த மதிப்பெண் போச்சு. காலை 8 மணி வகுப்பு, ஜனவரியில் பிலானியில் பல் கிட்டுகிற குளிர், போர்வைக்குள் இருப்பவளை எழுப்ப அம்மா கிடையாது. பக்கத்து அறையில் இரவு 2 மணி வரை பேச்சு. அக்டோபர், நவம்பர் வாக்கில் ஒயாசிஸ் கலைவிழா வேறு. முதல் செமஸ்டரில் சிஜிபிஏ விழுகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பாடம் புரியாமல் விழுவதில்லை, நவம்பரில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்று நினைத்ததால் விழுகிறது. பள்ளியில் அந்த வித்தை பலித்திருக்கும். இங்கே பாடம் ஓடுகிற வேகத்துக்கு அது ஒத்துவராது.

அதற்காக இந்தச் சுதந்திரத்தைக் கெட்டது என்று சொல்லமாட்டேன், பிட்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான். பதினெட்டு வயதில் தன் நாளைத் தானே பிரித்துக்கொள்ளப் பழகிய பிள்ளை வேலைக்குப் போனதும் நிமிர்ந்து நிற்கிறாள். உங்கள் மகள் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். காலையில் யாரும் சொல்லாமல் எழுந்து புத்தகத்தை எடுப்பவளா, டெஸ்ட் இருந்தால்தான் படிப்பவளா? இரண்டாவது ரகம் என்றால் டூயல் கொஞ்சம் ஆபத்தான பந்தயம்.

எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஒரு வருடம் கழித்து கணிதத்தோடு சிவில்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் அவள் அங்கே இருக்க விரும்புவாளா? கணிதம் பிடிக்கும், எது கிடைத்தாலும் பார்த்துக்கொள்வேன் என்கிற பிள்ளைக்கு டூயல் அருமையான வழி. சாஃப்ட்வேர் வேலைக்கு எல்லாப் பிரிவினரையும் தேர்வு எழுதவிடும் நிறுவனங்கள் அங்கே நிறைய வருகின்றன, கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களை மட்டும் கூப்பிடுகிறவையும் உண்டு. கோடிங் தெரிந்த கணித எம்எஸ்சிக்காரிக்கு, இன்னொரு டிகிரி எதுவாக இருந்தாலும் கதவு சாத்தியிருக்காது. ஆனால் "கணிதம் எல்லாம் சும்மா, எனக்கு சிஎஸ்தான் வேண்டும்" என்று அவள் சொன்னால், அவள் விரும்பாத ஒரு எம்எஸ்சியை ஐந்து வருடம் முழுக்கப் படிக்கவேண்டியிருக்கும் என்பதைச் சொல்லிவிடுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து அருவக் கணிதம் வரும், அதை வெறுத்துக்கொண்டே படிக்கிற பிள்ளைகளின் முகம் பார்க்கச் சகிக்காது. அப்படியானால் 195 கட்-ஆஃபுக்குத் தமிழ்நாட்டில் நல்ல கல்லூரி ஒன்றில் நேரடியாக கம்ப்யூட்டர் பக்கம் ஒரு பிரிவு கிடைக்குமா என்று பார்ப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை.

சரி, பணம். பிட்ஸ் கல்விக் கட்டணம் மட்டும் நான்கு வருடத்துக்கே 20 லட்சத்தைத் தாண்டுகிறது, டூயலுக்கு ஐந்தாவது வருடமும் உண்டு. விடுதி, மெஸ், கோடைப் பருவத்துக்குத் தனிக் கட்டணம், டெல்லி போய்வருகிற செலவு எல்லாம் மேலே. சேருகிற வருடத்தின் கட்டண அறிவிப்பை எடுத்துவைத்துக்கொண்டு, வருடாவருடம் ஏறும் என்று வைத்து ஐந்து வருடத்துக்கும் கூட்டிப் பாருங்கள், முதல் வருடத் தொகையை ஐந்தால் பெருக்கி நிறுத்திவிடாதீர்கள். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சலுகை எதுவும் அங்கே செல்லாது. மாநில ஒதுக்கீடும் இல்லை, மேனேஜ்மெண்ட் கோட்டாவும் இல்லை, யாராவது "உள்ளே ஆள் இருக்கிறது, சீட் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். குடும்ப வருமானத்தையும் சிஜிபிஏ-வையும் சேர்த்துப் பார்த்துக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழிக்கிற உதவித்தொகை இருக்கிறது, ஆனால் சிஜிபிஏ விழுந்தால் அதுவும் கைவிட்டுப் போகும். கல்விக் கடன் என்றால் மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தை வங்கியில் கேளுங்கள், தரவரிசையில் மேலே இருக்கும் கல்லூரிகளுக்கு அடமானம், ஜாமீன் இல்லாமல் கொடுப்பார்கள். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்றால், என் கணக்கில் முதலில் வருவது ப்ராக்டிஸ் ஸ்கூல்தான். இரண்டாம் வருடம் முடிந்த கோடையில் சுமார் இரண்டு மாதம், அப்புறம் கடைசி வருடத்தில் ஒரு முழு செமஸ்டர், ஏதாவது ஒரு நிறுவனத்தில் போய் வேலை செய்யவேண்டும். இதைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்து கிரேடு போடுகிறார்கள். எந்த நிறுவனம் என்பதற்கும் விருப்பப் பட்டியலும் சிஜிபிஏ-வும்தான், பாருங்கள், எங்கே சுற்றினாலும் அதிலேயே வந்து நிற்கிறது. கடைசி வருடம் டூயல்காரர்கள் ஒரு செமஸ்டர் ப்ராக்டிஸ் ஸ்கூல், ஒரு செமஸ்டர் ஆய்வு என்று பிரித்துக்கொள்ளலாம், வெளிநாட்டில் மேல்படிப்பு என்கிற யோசனை இருந்தால் அந்த ஆய்வு கைகொடுக்கும்.

தூரத்தைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். பிலானி ராஜஸ்தானில் இருந்தாலும் போவது டெல்லி வழியாகத்தான், அங்கிருந்து சாலையில் 200 கிலோமீட்டர் சொச்சம். ஊர் சின்னது, வளாகம்தான் ஊர் மாதிரி. பெண்களுக்கு மீரா பவன் விடுதி. பிலானி தமிழ் மன்றம் என்று நம் பிள்ளைகளின் சங்கம் ஒன்று உண்டு, பொங்கலுக்குத் தனியாக உட்கார்ந்து அழவேண்டியிருக்காது. மெஸ்ஸில் சப்பாத்தி, பருப்பு பழகிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். அது சரிப்படாது என்றால் ஹைதராபாத் வளாகம் இருக்கிறது, ஒரு இரவு ரயில். பட்டத்தில் வித்தியாசம் இல்லை, அதே பாடத்திட்டம், 2008-ல் தொடங்கிய வளாகம். என்னைக் கேட்டால், ஹைதராபாத்தில் நேரடி எலக்ட்ரானிக்ஸ் பிஇ வருகிற அளவுக்கு மதிப்பெண் ஏறினால் பிலானி டூயலைவிட அதை மேலே போடுவேன், நிம்மதியாகத் தூங்கலாம்.

ஏறுமா என்றால், இரண்டாம் அமர்வு இருக்கிறதே. இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. 2024-ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிலானியில் 327, கோவாவில் 301, ஹைதராபாத்தில் 298-ல் நின்றது. 262-லிருந்து அங்கே தாவுவது கடினம், ஆனால் 20, 25 மதிப்பெண் கூட்டுவது நடக்கிற காரியம். முதல் முறை என்ன ஆயிற்று என்று அவளைக் கேளுங்கள். மொத்தம் 130 கேள்வி, 3 மணி நேரம், ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூடக் கிடையாது. சரிக்கு 3, தப்புக்கு மைனஸ் 1. மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு இயற்பியலில் அறிவு இருக்கும், வேகம் இருக்காது. ஆங்கிலத்துக்கு 10, தர்க்கத்துக்கு 20 என்று 30 கேள்விகள் இருக்கின்றன, 90 மதிப்பெண். கணிதத்திலேயே உழன்றுகொண்டு அதை யாரும் தொடுவதில்லை, பத்து மாதிரித் தேர்வு எழுதினாலே அதில் நல்ல ஏற்றம் தெரியும். அப்புறம் அந்த போனஸ் 12 கேள்வி. 130-க்கும் ஒன்றுவிடாமல் பதில் போட்டால்தான் அது திறக்கும், திறந்தபிறகு பழைய கேள்விகளுக்குத் திரும்பவே முடியாது. அதற்கு ஆசைப்பட்டுத் தெரியாததற்கெல்லாம் குருட்டாம்போக்கில் குறித்துக் கையிலிருப்பதை இழந்தவர்கள் உண்டு. 262 எடுக்கிறவளுக்கு போனஸ் தேவையே இல்லை, இருக்கிற 130-ஐ ஒழுங்காகப் பார்க்கட்டும்.

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்ந்து 75 சதவீதம், ஒவ்வொன்றிலும் 60 குறையாமல் வேண்டும், அவளுக்கு அதில் பிரச்சினை வராது. விருப்பப் பட்டியலை மட்டும் கோச்சிங் சென்டரில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். உண்மையான ஆசை வரிசையில் போடுங்கள், "இது கிடைக்காது, எதற்கு மேலே போடவேண்டும்" என்று கணக்குப் பார்க்கவேண்டாம், மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குத்தான் போகும், ஒன்றும் குறையாது. அடுத்தடுத்த சுற்றில் மேலே நகரலாம். ஆனால் கிடைத்தாலும் போகமாட்டோம் என்று தெரிந்ததை எழுதவே எழுதாதீர்கள். பணம் கட்டவேண்டிய கடைசித் தேதி, சீட்டை விட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதிக்குள் விடவேண்டும் என்கிற மூன்றையும் ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டிவிடுங்கள், பக்கத்திலேயே டிஎன்இஏ, அதாவது நம் ஊர்ப் பொறியியல் கவுன்சலிங் தேதிகளையும். இரண்டும் முட்டிக்கொள்கிற அந்த ஒரு வாரத்தில்தான் வீட்டில் சண்டை வரும்.