வெளிநாட்டில் முதுகலை படிக்கப் போகிறவர்களுக்கு வரும் ‘கலாச்சார அதிர்ச்சி’ என்றால் என்ன?

பழகிய இடத்தில் யோசிக்காமலே செய்த காரியங்களைப் புது நாட்டில் ஒவ்வொன்றாக யோசித்துச் செய்ய வேண்டி வரும்போது உண்டாகும் களைப்பும் குழப்பமும்தான் அது. மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1954இல் ஆற்றிய உரை இந்தச் சொல்லைப் பரவலாக்கியது. பழகிய சமூகக் குறிப்புகள் கைவிட்டுப் போவதே காரணம் என்றார்.

புது வீட்டில் நள்ளிரவில் எழுந்தால் கை பழைய வீட்டில் சுவிட்ச் இருந்த பக்கத்தைத்தான் தடவும். விளக்கு இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. கைக்குத்தான் இடம் தெரியவில்லை. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா? வகுப்பில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கலாமா? ஆய்வு வழிகாட்டி ‘பார்க்கலாம்’ என்றால் சரி என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா? நாள் முழுக்க இப்படித் தடவிக்கொண்டிருந்தால் மாலையில் சோர்ந்துபோவது இயல்புதானே.

அப்புறம், இது முதல் வாரத்திலேயே வரும் என்றில்லை. ஃபுல்பிரைட் என்னும் அமெரிக்க அரசின் கல்வி உதவித்தொகையில் அமெரிக்கா சென்ற நார்வேக்காரர்களை ஆராய்ந்து சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் எழுதினார்: 6 மாதத்துக்குள் திரும்பியவர்களையும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களையும்விட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே ஒட்டமுடியாமல் தவித்தார்கள். ஆகவே சில மாதங்கள் கழித்து மனம் கனத்தால் பயப்படாதீர்கள்.

மொழி நன்றாகத் தெரிந்தால் இது வராது என்று பலர் நினைக்கிறார்கள். தாய்மொழியே பேசும் இன்னொரு நாட்டுக்குப் போனவர்களுக்கும் இது வருகிறது.